உடம்பு பழகிவிடாதா, டாக்டர்?

சென்ற மாதம் சிறுநீரக மாற்று பற்றி ஒரு வாசகருக்கு நான்கு வரியில் பதில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களும் மின்னஞ்சல்களும் ஒரு இதழுக்குள் அடங்காது. உறுப்பு மாற்றிக்கொண்டவர்கள், கொடுத்தவர்கள், அவர்களைப் பார்த்துக்கொள்கிற வீட்டார் எல்லாரும் எழுதியிருக்கிறார்கள். அதனால் இந்த முறை பகுதி முழுக்க அவர்களுக்கே. பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் ஊர் மட்டும் போட்டிருக்கிறேன்.

என் கணவருக்கு நான்தான் கிட்னி கொடுத்தேன். நாலரை வருடம் ஆகிறது. கிரியாட்டினின் (கிட்னி வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவு) ரத்தத்தில் 1.1-லேயே நிற்கிறது, வேலைக்குப் போகிறார், வண்டி ஓட்டுகிறார். கொஞ்ச நாளாக ராத்திரி மாத்திரையை விட்டுவிடுகிறார். "இத்தனை வருஷத்துல உடம்பு பழகியிருக்கும், எதுக்கு இதை விழுங்கணும்" என்கிறார். நிஜமாகவே உடம்பு பழகிவிடாதா? — வாசகி, கும்பகோணம்

பழகாது அம்மா. இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த வாரமே அவர் ராத்திரி மாத்திரையை மறுபடி ஆரம்பிக்க வேண்டும்.

என்ன நடக்கிறது என்று பாருங்கள். நீங்கள் கொடுத்த கிட்னி அவர் அடிவயிற்றில், இடுப்பெலும்பை ஒட்டிய பள்ளத்தில் இருக்கிறது. அதன் வழியாக ஒவ்வொரு நிமிடமும் ஏறக்குறைய அரை லிட்டர் ரத்தம் போய் வருகிறது. அந்த ரத்தத்தில் டி செல்கள் என்ற வெள்ளை அணுக்கள் உண்டு. வழியில் எதிர்ப்படுகிற செல்லையெல்லாம் தொட்டுத் தடவி, இது நம் வீட்டுப் பிள்ளையா வெளியாளா என்று பார்ப்பதுதான் அவற்றின் வேலை. உங்கள் கிட்னியின் ஒவ்வொரு செல்லின் மேலும் எச்.எல்.ஏ என்ற புரதம் இருக்கிறது. அது நீங்கள் உங்கள் அப்பா அம்மாவிடமிருந்து வாங்கிவந்தது, உங்கள் கணவருடையது வேறு. நாலரை வருடம் அவர் வயிற்றில் இருந்தாலும் அந்தப் புரதம் மாறாது. கிட்னி பழைய செல்லைப் புதுப்பித்துக்கொள்ளும்போதும் உங்கள் மரபணுவைப் பார்த்துத்தான் புதுச் செல் செய்கிறது. ஆக இன்றைக்குக் காலையில் அவருடைய டி செல் தொட்டுப் பார்த்தபோதும் அது வெளியாள்தான்.

ஒரு சாதாரண வைரஸை அடையாளம் தெரிந்த டி செல் லட்சத்தில் ஒன்று இருந்தால் பெரிது. ஆனால் இன்னொரு மனிதருடைய எச்.எல்.ஏ-வைப் பார்த்துச் சீறக்கூடிய டி செல்கள் நூற்றுக்கு ஒன்றிலிருந்து பத்துவரை இருக்கலாம் என்று பாடப்புத்தகங்களிலேயே போட்டிருக்கிறது. அதாவது அவர் உடம்பில் இந்தக் கிட்னிக்கு எதிராகக் கிளம்பத் தயாராக இருக்கிற கூட்டம் மிகப் பெரியது, அது நாலரை வருடமாக அங்கேயேதான் சுற்றிக்கொண்டிருக்கிறது.

அப்படியானால் ஏன் ஒன்றும் ஆகவில்லை? அவர் காலையும் இரவும் போடுகிற டாக்ரோலிமஸ் மாத்திரையால்தான். டி செல் வெளியாளைத் தொட்டதும் அதற்குள்ளே கால்சியம் பாய்கிறது. அது கால்சிநியூரின் என்ற நொதியை எழுப்புகிறது. அந்த நொதி இன்னொரு புரதத்தைத் தட்டிவிட, அது செல்லின் உட்கருவுக்குள் போய் இன்டர்லூகின்-2 என்ற சுரப்பைச் செய்யச் சொல்கிறது. இந்த இன்டர்லூகின்-2-ஐ ஊருக்குப் போடுகிற தண்டோரா என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்டோரா கேட்டால்தான் ஒரு செல் ஆயிரமாகப் பெருகி, கூட்டமாக வந்து இறங்கும். டாக்ரோலிமஸ் நடுவில் நுழைந்து கால்சிநியூரினைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. செல் பார்க்கிறது, தொடுகிறது, வெளியாள் என்று புரிந்தும் கொள்கிறது, ஆனால் தண்டோரா போட முடியவில்லை. மாத்திரை அந்தச் செல்லைக் கொல்லவும் இல்லை, மனம் மாற்றவும் இல்லை. ரத்தத்தில் மருந்தின் அளவு இறங்கினால் கால்சிநியூரின் விடுபடும், செல் விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடங்கும். 12 மணி நேரத்துக்கு ஒரு தடவை என்று நாங்கள் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

மாத்திரையைத் தானாக நிறுத்திவிட்டு வந்த ஒரு இளைஞனின் பயாப்ஸி இன்னும் கண்ணில் நிற்கிறது. ஊசியால் எடுத்த நூல் அளவு சதை, அதற்குச் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் வைத்தால் சிறுநீர் ஓடுகிற நுண்குழாய்கள் குறுக்கே வெட்டிய வளையல்கள் மாதிரி ரோஸ் நிறத்தில் வரிசையாகத் தெரியும், நடுவே கொஞ்சம் இடைவெளி, அவ்வளவுதான் இருக்க வேண்டும். அவனுடைய சதையில் அந்த இடைவெளி முழுக்க கருநீலப் புள்ளிகள். சில புள்ளிகள் வளையலுக்குள்ளேயே புகுந்து, சுவர்ச் செல்களுக்கு அடியில் உட்கார்ந்திருந்தன. ஒவ்வொரு புள்ளியும் ஒரு வெள்ளை அணு, பெரும்பாலும் டி செல். அவனுக்கு வலியே கிடையாது. கிட்னி மாற்றும்போது அதன் நரம்புகள் வெட்டுப்பட்டுவிடுகின்றன, அதனால் ரிஜெக்ஷன், அதாவது உடம்பு புதுக் கிட்னியை ஏற்காமல் தாக்குவது, ஆரம்பத்தில் பெரும்பாலும் சத்தமில்லாமல்தான் நடக்கும். மூன்று நாள் ஸ்டீராய்டு ஊசி ஏற்றினோம், அடங்கியது. ஆனால் 1.2 இருந்த கிரியாட்டினின் 1.9-க்கு வந்து நின்றுவிட்டது, பழைய இடத்துக்குத் திரும்பவே இல்லை.

இன்னொன்றும் உண்டு. அடிக்கடி ஒன்றிரண்டு வேளை விடுகிறவர்களுக்கு இப்படிப் பெரிதாக வெடிக்காமல், டி செல்கள் மெதுவாக பி செல்கள் என்ற இன்னொரு வகை வெள்ளை அணுக்களைத் தூண்டி, கிட்னிக்கு எதிரான ஆன்டிபாடிகள் என்ற எதிர்ப்புப் புரதங்களை உருவாக்கிவிடும். அவை ரத்தக் குழாய்ச் சுவரில் ஒட்டி வருடக் கணக்கில் அரிக்கும். ஒருமுறை உருவானால் முழுமையாக விரட்டுவதற்கு இன்றுவரை நம்பகமான மருந்து இல்லை.

ஒன்று கேட்கிறேன். ராத்திரி மாத்திரையை அவர் எதற்காக விடுகிறார் என்று கோபப்படாமல் கேட்டுப் பார்த்தீர்களா? கை நடுங்குகிறதா, வயிறு கலக்குகிறதா, சர்க்கரை ஏறியிருக்கிறதா, செலவா, வேலையிடத்தில் நாலு பேர் முன்னால் மாத்திரை போடக் கூச்சமா? ஒவ்வொன்றுக்கும் வழி இருக்கிறது. ஒரு நாளைக்கு ஒரே வேளை போடுகிற டாக்ரோலிமஸ் வகையும் வந்திருக்கிறது, உங்கள் நெஃப்ராலஜி டாக்டரிடம் கேளுங்கள். ஆனால் முதலில் ரத்தத்தில் மருந்து லெவலும் கிரியாட்டினினும் இந்த வாரமே பாருங்கள், அவர் மாத்திரை விட்டதை மறைக்காமல் சொல்லுங்கள். திட்டுவார்கள் என்று பயந்து மறைப்பவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள்.

மகனுக்கு மாற்று அறுவை நடந்து எட்டு மாதம். எதிர்ப்பு சக்தி குறைவாக இருக்கிறதே என்று என் மாமியார் கபசுரக் குடிநீரும் சீந்தில் பொடியும் கொடுக்கச் சொல்கிறார். மூலிகைதானே, கொடுக்கலாமா? — வாசகி, சேலம்

கொடுக்காதீர்கள். தயவுசெய்து.

மாமியாரின் அக்கறை எனக்குப் புரிகிறது, பேரனுக்கு நல்லதுதான் நினைக்கிறார். அவரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: பையனுக்கு எதிர்ப்பு சக்தி தானாகக் குறைந்துபோகவில்லை, நாங்கள் வேண்டுமென்றே இறக்கி வைத்திருக்கிறோம். ஒரு கையால் இறக்கிவிட்டு இன்னொரு கையால் ஏற்றினால் அடி விழுவது கிட்னியின் மேல். சீந்தில் வெள்ளை அணுக்களைத் தூண்டும் என்பதுதான் அதற்குச் சொல்லப்படுகிற பெருமையே. சாதாரணமாக நலமாக இருந்தவர்களுக்கே கோவிட் காலத்தில் சீந்தில் தொடர்ந்து சாப்பிட்டு, சொந்த எதிர்ப்புச் செல்களே கல்லீரலைத் தாக்கிய மாதிரியான பாதிப்பு வந்ததை மும்பை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கபசுரக் குடிநீரின் சரக்குகளிலும் சீந்தில் ஒன்று.

"இம்யூனிட்டி" என்று அட்டையில் போட்டு விற்கிற எந்த டப்பாவும் உங்கள் வீட்டுக்குள் வர வேண்டாம், அது மூலிகையோ மேல்நாட்டுச் சத்து மாவோ எதுவாக இருந்தாலும் சரி. வழக்கமான ரசத்தில் போடுகிற மிளகு, சீரகம், மஞ்சளுக்கு நான் தடை சொல்லவில்லை. அதையே கஷாயமாக்கி டம்ளர் டம்ளராகக் குடிப்பதும், மாத்திரையாக விழுங்குவதும் வேறு விஷயம்.

பம்ப்ளிமாஸ் பழம் சாப்பிடலாமா? தோட்டத்தில் காய்க்கிறது. — வாசகர், நாகர்கோவில்

வேண்டாம். டாக்ரோலிமஸைக் குடலிலும் கல்லீரலிலும் சிதைக்கிற நொதி ஒன்று உண்டு, கிரேப்ஃப்ரூட் குடும்பம் அதை அடக்கிவிடும், பம்ப்ளிமாஸும் அந்தக் குடும்பம்தான். மருந்து லெவல் கிடுகிடுவென ஏறி, கை நடுங்கி, கிட்னியையே கெடுக்கும். பழத்தை அக்கம்பக்கத்தாருக்குக் கொடுங்கள், நீங்கள் கொய்யாவை நன்றாகக் கழுவிச் சாப்பிடுங்கள்.

இதே நொதியைச் சில மாத்திரைகளும் தொந்தரவு செய்யும். பூஞ்சைத் தொற்றுக்கான ஃப்ளூகோனசோல், நெஞ்சுச் சளிக்குக் கொடுக்கிற கிளாரித்ரோமைசின் எல்லாம் லெவலை ஏற்றும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் அதலபாதாளத்துக்கு இறக்கும். நம் ஊரில் காசநோய் அதிகம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். வேறு எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் "நான் கிட்னி மாற்றியவன்" என்று சொல்லிவிட்டு உட்காருங்கள்.

இரண்டு பிள்ளை பெற்றவள் நான். கணவர் கிட்னி கொடுக்க முன்வந்தார், ரத்த வகையும் பொருந்தியது, ஆனால் கிராஸ்மேட்ச் பாசிட்டிவ் என்று நிறுத்திவிட்டார்கள். பாசிட்டிவ் என்றால் நல்லதுதானே? — வாசகி, மதுரை

இந்தச் சோதனையில் பாசிட்டிவ் என்றால் ஆபத்து என்று அர்த்தம். உங்கள் ரத்தச் சாறையும் கணவரின் வெள்ளை அணுக்களையும் சேர்த்துப் பார்த்திருப்பார்கள். உங்கள் ஆன்டிபாடிகள் அவருடைய செல்களைத் தாக்குகின்றன என்பதுதான் அந்த பாசிட்டிவ். 1969-ல் பட்டேல், டெரசாக்கி என்ற இருவர் இந்தச் சோதனை பாசிட்டிவ் ஆனவர்களுக்கு வைத்த கிட்னிகளில் பெரும்பாலானவை உடனே கருகிப்போனதை எழுதிய பிறகுதான், இது இல்லாமல் யாரும் மாற்று அறுவைக்குப் போவதில்லை என்றானது.

எங்கிருந்து வந்தது அந்த ஆன்டிபாடி என்றால், பெரும்பாலும் உங்கள் பிரசவங்களிலிருந்து. குழந்தையின் எச்.எல்.ஏ-வில் பாதி அப்பாவுடையது. பத்து மாதம் சுமந்தபோதும் பிரசவத்தின்போதும் குழந்தையின் செல்கள் கொஞ்சம் உங்கள் ரத்தத்தில் கலந்திருக்கும், உங்கள் நினைவுச் செல்கள் உங்கள் கணவரின் அடையாளத்தை அப்போதே குறித்து வைத்துக்கொண்டன. இப்போது அவருடைய கிட்னி வருகிறது என்றதும் பழைய கணக்கை எடுக்கின்றன. இதில் உங்கள் தவறோ அவர் தவறோ ஒன்றும் இல்லை, "ராசி இல்லை" என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். டயாலிசிஸில் ரத்தம் ஏற்றியிருந்தாலும் இப்படி வரலாம். இதே நிலையில் இருக்கிற இன்னொரு தம்பதியுடன் கொடுப்பவரை மாற்றிக்கொள்கிற முறை சட்டப்படி இருக்கிறது, உங்கள் மருத்துவமனை ஒருங்கிணைப்பாளரிடம் கேளுங்கள். இறந்தவரிடமிருந்து உறுப்பு பெறும் அரசுப் பட்டியலிலும் பெயரைப் பதிந்து வையுங்கள், இரண்டையும் சேர்த்தே செய்யலாம்.

நாங்கள் சுத்த சைவம். ஆபரேஷன் அன்று அப்பாவுக்கு முயலிடமிருந்து எடுத்த மருந்து ஏற்றினார்களாம், பிறகுதான் தெரிந்தது. உண்மையா? அவர் மனம் உடைந்திருக்கிறார். — வாசகர், திருவையாறு

உண்மைதான். முன்கூட்டியே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும், சொல்லாதது தப்பு. டி செல்கள் வளர்கிற இடமான மனிதத் தைமஸ் சுரப்பியின் செல்களை முயலுக்குச் செலுத்தினால், முயலின் உடம்பு அவற்றுக்கு எதிராக ஆன்டிபாடி செய்யும். அதை ரத்தத்திலிருந்து பிரித்து, சுத்தம் செய்து மருந்தாக்குகிறார்கள். முதல் சில நாட்களில்தான் டி செல்கள் மிக மூர்க்கமாக இருக்கும், அப்போது அவற்றின் எண்ணிக்கையையே குறைத்துவிட இந்த மருந்து. மாத்திரை தண்டோராவை நிறுத்துகிறது என்றால் இது ஆளையே குறைக்கிறது. திரும்பப் பழைய எண்ணிக்கைக்கு வர மாதங்கள் ஆகும், அதனால்தான் முதல் ஆறு மாதம் கூட்டத்துக்குப் போகாதே, முகக்கவசம் போடு என்று உயிரை எடுக்கிறோம்.

அப்பாவிடம் சொல்லுங்கள், அது உணவாக உள்ளே போகவில்லை, உயிரைக் காப்பாற்றப் போன மருந்து. பாம்புக்கடிக்குக் குதிரையின் ரத்தத்திலிருந்து எடுத்த மருந்தைத்தான் நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் காலங்காலமாக ஏற்றுகிறார்கள். அவர் மனம் ஆறவில்லை என்றால் அதையும் மதியுங்கள், அவசரப்படுத்தாதீர்கள்.

டயாலிசிஸ் சமயத்தில் மஞ்சள் காமாலை பி ஊசி நான்கு தடவை போட்டேன். மாற்று அறுவைக்குப் பிறகு சோதித்தால் ஆன்டிபாடி 10-க்குக் கீழே. அப்படியானால் எனக்கு எந்தத் தடுப்பூசியும் வேலை செய்யாதா? வீட்டில் பேரனுக்குப் போலியோ சொட்டு மருந்து கொடுக்கப் போகிறார்கள், நான் தூக்கலாமா? — வாசகர், ஈரோடு

வேலை செய்யும், குறைவாக. தடுப்பூசி போட்டதும் ஆன்டிபாடி செய்வது பி செல்கள். ஆனால் டி செல் பக்கத்தில் நின்று உற்சாகப்படுத்தாமல் பி செல் நல்ல ஆன்டிபாடி செய்யாது. டாக்ரோலிமஸ் அந்த டி செல்லை அடக்கிவிடுகிறது. கூடவே நீங்கள் போடுகிற மைக்கோஃபினோலேட், செல் இரண்டாகப் பிரிவதற்கு வேண்டிய மூலப்பொருளைத் தடுக்கிறது. உடம்பின் மற்ற செல்கள் பழையதை மறுபடி பயன்படுத்திச் சமாளித்துக்கொள்ளும், டி, பி செல்களுக்கு அந்தச் சாமர்த்தியம் குறைவு. பெருக வேண்டிய நேரத்தில் பெருக முடியாமல் நிற்கின்றன.

கோவிட் சமயத்தில் இது உலகத்துக்கே தெரிந்தது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் உறுப்பு மாற்றிய 658 பேரைப் பார்த்தார்கள், இரண்டு தவணை எம்.ஆர்.என்.ஏ ஊசிக்குப் பிறகும் 54 சதவீதம் பேருக்குத்தான் ஆன்டிபாடி தெரிந்தது. மைக்கோஃபினோலேட் மாதிரி மருந்தில் இருந்தவர்களுக்கு இன்னும் மோசம். ஆனால் பிரான்ஸின் துலூஸ் நகரில் 101 பேருக்கு மூன்றாவது ஊசி போட்டபோது 40 சதவீதம் இருந்தது 68-க்கு ஏறியது. திரும்பத் திரும்பத் தட்டினால் கதவு திறக்கிறது. இன்னொரு ஆறுதலும் உண்டு: ஆன்டிபாடியே வராத சிலரிடம்கூட வைரஸை அடையாளம் காணுகிற டி செல்கள் உருவாகியிருந்தன. ஆன்டிபாடி சோதனைச் சீட்டில் அது தெரியாது. ஆக 10-க்குக் கீழே என்றால் மறுபடி தவணை போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள், ஃப்ளூ ஊசியை வருடா வருடம் போடுங்கள். ஊசி "பிடிக்க" வேண்டும் என்று நீங்களாக மைக்கோஃபினோலேட்டை நிறுத்துவது மட்டும் கூடவே கூடாது.

உயிருள்ள கிருமியை வலுக்குறைத்துச் செய்த ஊசிகள் உங்களுக்கு ஆகாது. தட்டம்மை, சின்னம்மை ஊசிகள், பி.சி.ஜி எல்லாம் அந்த வகை. போலியோ சொட்டு மருந்தும் அதுதான், குழந்தையின் மலத்தில் சில வாரம் அந்த வைரஸ் வெளியேறும். பேரனுக்குச் சொட்டு மருந்துக்குப் பதில் போலியோ ஊசி மட்டும் போட முடியுமா என்று குழந்தை மருத்துவரிடம் உங்கள் நிலையைச் சொல்லிக் கேளுங்கள். சொட்டு கொடுத்தே ஆக வேண்டும் என்றால், சில வாரம் நீங்கள் அவனுக்குக் கால் கழுவிவிடுவதும் துணி மாற்றுவதும் வேண்டாம், வீட்டில் எல்லாரும் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். அவனுக்குப் போட வேண்டிய மற்ற ஊசிகளை உங்களுக்காக நிறுத்திவிடாதீர்கள். அவனுக்கு நோய் வராமல் இருப்பதுதான் உங்களுக்கும் காப்பு.

பி.கே. வைரஸ் ரத்தத்தில் வந்திருக்கிறது என்று டாக்டர் மைக்கோஃபினோலேட்டைப் பாதியாகக் குறைத்துவிட்டார். மாத்திரையை விடவே கூடாது என்று சொன்னவரே குறைக்கிறாரே, கிட்னி போய்விடுமா என்று தூக்கமே இல்லை. — வாசகர், தூத்துக்குடி

உங்கள் பயம் நியாயமானது, ஆனால் டாக்டர் செய்தது சரி. இந்த வைரஸ் பெரும்பாலானவர்களுக்குச் சின்ன வயதிலேயே வந்து, கிட்னியிலும் சிறுநீர்ப் பாதையிலும் சத்தம் போடாமல் படுத்திருக்கும். 1971-ல் லண்டனில், மாற்றுச் சிறுநீரகம் பெற்ற ஒருவரின் சிறுநீரில்தான் முதலில் கண்டுபிடித்தார்கள், பி.கே. என்பது அந்த நோயாளியின் பெயரின் முதலெழுத்துகள். அதைக் காவல் காப்பது டி செல்கள். நாம் டி செல்லை அடக்கியதும் வைரஸ் எழுந்துகொள்கிறது. அதைக் கொல்ல நம்பகமான மருந்து கிடையாது, உங்கள் சொந்த டி செல்தான் மருந்து. அதனால் கடிவாளத்தைக் கொஞ்சம் தளர்த்துகிறார். வைரஸின் அளவு ஒரே வாரத்தில் இறங்காது, வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். அந்த நாட்களில் டி செல்கள் கிட்னியின் பக்கமும் திரும்பிவிடக்கூடும் என்பதால் கிரியாட்டினினை அடிக்கடி பார்க்கச் சொல்வார். ஒரு சோதனையையும் தள்ளிப்போடாதீர்கள்.

இங்கே என் மனதில் இருப்பதையும் சொல்கிறேன். எங்கள் கையில் இருப்பது மருந்தின் லெவல் மட்டும்தான். மருந்து எவ்வளவு இருக்கிறது என்று தெரிகிறது, உங்கள் டி செல்கள் எவ்வளவு அடங்கியிருக்கின்றன என்று நேராகத் தெரிவதில்லை. ஒரே 7 லெவலில் ஒருவருக்கு வைரஸ் வருகிறது, இன்னொருவருக்கு ரிஜெக்ஷன் வருகிறது. இதை அளக்க ஒரு அழகான வழியைச் சோதித்து வருகிறார்கள். 1997-ல் ஜப்பானில் கண்டுபிடித்த டி.டி. வைரஸ் என்று ஒன்று, நம்மில் பெரும்பாலோர் உடம்பில் ஒரு தீங்கும் செய்யாமல் இருக்கிறது. எதிர்ப்புச் செல்கள் அதிகமாக அடங்கினால் அது பெருகும், விழித்துக்கொண்டால் குறையும். அதன் அளவைப் பார்த்து மாத்திரையைக் கூட்டிக் குறைக்க முடியுமா என்று ஐரோப்பாவில் ஆய்வுகள் நடக்கின்றன. இது நடைமுறைக்கு வந்தால் உங்களைப் போன்றவர்களுக்குத்தான் முதல் பலன்.

இந்த மருந்துகளையெல்லாம் யார், எப்படிக் கண்டுபிடித்தார்கள்? — பி.ஃபார்ம் மாணவர், திருச்சி

மண்ணிலிருந்து தம்பி. நார்வேயின் ஹர்டாங்கர்விட்டா மேட்டுநிலத்திலிருந்து 1969-ல் எடுத்துவந்த ஒரு பிடி மண்ணில் இருந்த பூஞ்சையிலிருந்து, டாக்ரோலிமஸுக்கு முந்தி வந்த சைக்ளோஸ்போரின். ஜப்பானின் சுகுபா மலையடிவார மண்ணில் இருந்த பாக்டீரியாவிலிருந்து 1984-ல் டாக்ரோலிமஸ். ஈஸ்டர் தீவின் மண்ணிலிருந்து சிரோலிமஸ், இதுவும் எதிர்ப்புச் செல்களை அடக்குகிற மருந்துதான். இந்த மூன்றாவதின் பின்னால் சுரேந்திர நாத் சேகல் என்ற நம் மனிதர் இருக்கிறார், பிரியாத பஞ்சாபில் பிறந்து கனடாவில் வேலை பார்த்தவர். 1980-களில் கம்பெனி அந்த ஆராய்ச்சியைக் கைவிட்டு ஆய்வகத்தை மூடியபோது, பாக்டீரியாவைத் தூக்கிப்போட மனமில்லாமல் தன் வீட்டு ஃப்ரீசரில் வைத்துக் காப்பாற்றினார். 1999-ல் அது கிட்னி மாற்றியவர்களுக்கான மருந்தாக அங்கீகாரம் பெற்றது.

சைக்ளோஸ்போரினுக்கு முன்பும் மாற்று அறுவை நடந்தது. வேலூர் சி.எம்.சி-யில் 1971-லேயே நடந்தது. அப்போது கையில் இருந்தது அசாதயோப்ரின் என்ற பழைய மருந்தும் ஸ்டீராய்டும். இறந்தவரிடமிருந்து எடுத்த கிட்னி ஒரு வருடம் தாண்டுவது உலகம் முழுக்கவே ஏறக்குறைய பாதிக்குப் பாதிதான். ராய் கால்ன் என்ற அறுவை மருத்துவர் 1978-ல் கேம்பிரிட்ஜில் நோயாளிகளுக்கு சைக்ளோஸ்போரின் கொடுத்துப் பார்த்த பிறகு அந்தக் கணக்கே மாறியது. இந்த வரலாறு உங்கள் பாடத்தில் இரண்டு வரியாக இருக்கும், நூலகத்தில் தேடி முழுசாகப் படியுங்கள்.

வாழ்நாள் முழுக்க மாத்திரைதானா? மாத்திரையே இல்லாத நாள் வருமா? — வாசகி, வேலூர். வயது 22

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன் அம்மா. 22 வயதில் இந்தக் கேள்வியின் பாரம் எனக்குத் தெரியும்.

மாத்திரையே இல்லாமல் நடந்த மாற்று ஒன்று முதலிலேயே உண்டு. 1954 டிசம்பர் 23, பாஸ்டன். ஜோசப் முரே என்ற அறுவை மருத்துவர், ரொனால்ட் ஹெரிக்கின் கிட்னியை எடுத்து அவருடன் பிறந்த ஒரே கரு இரட்டையான ரிச்சர்டுக்கு வைத்தார். இருவருக்கும் ஒரே எச்.எல்.ஏ, டி செல் தொட்டுப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது. ரிச்சர்ட் அதற்குப் பிறகு எட்டு வருடம் வாழ்ந்தார். இரட்டைப் பிறவி இல்லாதவர்களுக்கு என்ன செய்வது என்பதுதான் அன்றிலிருந்து கேள்வி.

கிட்னி கொடுத்தவரின் எலும்பு மஜ்ஜையையும் சேர்த்துக் கொடுத்து, இரண்டு பேருடைய எதிர்ப்புச் செல்களும் ஒரே உடம்பில் கலந்து வாழும்படி செய்து பார்த்திருக்கிறார்கள். பாஸ்டனிலும் ஸ்டான்ஃபோர்டிலும் சிலர் அப்படி மாத்திரையை நிறுத்தி வருடக் கணக்கில் நன்றாக இருக்கிறார்கள். ஆனால் அதற்கான சிகிச்சையே கடுமையானது, எல்லாருக்கும் சரிவருவதும் இல்லை.

எனக்கு அதிக நம்பிக்கை இருப்பது வேறொன்றில். டி செல்களிலேயே சமாதானம் செய்துவைக்கிற ஒரு வகை உண்டு, சண்டைக்குப் போகிற செல்லை "விடு, போதும்" என்று இழுத்துப் பிடிப்பது. ஷிமோன் சகாகுச்சி 1995-ல் இதைக் காட்டினார், மேரி பிரங்கோவும் ஃபிரெட் ராம்ஸ்டெல்லும் 2001-ல் அதன் பின்னணியில் உள்ள மரபணுவைக் கண்டுபிடித்தார்கள், மூவருக்கும் 2025-ல் நோபல் கிடைத்தது. நோயாளியின் ரத்தத்திலிருந்தே இந்தச் செல்களை எடுத்து, வளர்த்து, திரும்பச் செலுத்தி, மாத்திரையைக் குறைக்க முடியுமா என்று கிட்னி மாற்றியவர்களிடமே சோதனைகள் நடந்துவிட்டன. பாதுகாப்பானது என்று தெரிந்திருக்கிறது, முழுசாக நிறுத்துவதற்கு இன்னும் தூரம் இருக்கிறது. இதில் ஒரு சிக்கல், எனக்கு இதை நினைத்தால் ஆதங்கமாக இருக்கும்: இந்தச் சமாதானச் செல்கள் உயிர்வாழ்வதற்கும் அதே இன்டர்லூகின்-2 வேண்டும். நாம் டாக்ரோலிமஸால் தண்டோராவை நிறுத்தும்போது சண்டைக்காரனோடு சமாதானக்காரனையும் பட்டினி போடுகிறோம். சிரோலிமஸ் இந்த விஷயத்தில் அவற்றை அவ்வளவாகத் தொந்தரவு செய்வதில்லை, ஆனால் அதற்குப் புண் ஆறாமை, கொழுப்பு ஏறுவது என்று வேறு தொல்லைகள். கல்லீரல் மாற்றியவர்களில் சிலருக்குப் பல வருடம் கழித்து, டாக்டரின் கண் பார்வையில், மாத்திரையை நிறுத்த முடிந்திருக்கிறது. கிட்னி அவ்வளவு சாதுவான உறுப்பு இல்லை.

அந்த நாள் வரும் என்று நம்புகிறேன், தேதி சொல்ல முடியாது. அது வரும்போது உன் கிட்னி நல்ல நிலையில் இருக்க வேண்டும் என்பதுதான் என் கவலை. கல்யாணம், குழந்தை பற்றி நீ கேட்காமல் விட்டதற்கும் பதில் சொல்கிறேன்: இரண்டும் முடியும். மைக்கோஃபினோலேட் கருவில் இருக்கும் குழந்தைக்கு ஆகாது, அதனால் கரு உண்டாவதற்குச் சில மாதம் முன்பே டாக்டர் அதை வேறு மருந்துக்கு மாற்றுவார். முன்கூட்டியே சொல்லித் திட்டமிட வேண்டும், அவ்வளவுதான்.

லெவல் பார்க்கப் போகும் அன்று காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டு போவதா, போடாமல் போவதா? ஒவ்வொருவர் ஒன்று சொல்கிறார்கள். — வாசகர், காரைக்குடி

போடாமல் போங்கள். முந்தின இரவு மாத்திரை போட்டு 12 மணி நேரம் ஆன கட்டத்தில், அடுத்த மாத்திரைக்கு முன்னால், ரத்தத்தில் மிகக் குறைவாக எவ்வளவு இருக்கிறது என்றுதான் பார்க்கிறோம். ராத்திரி 9 மணிக்குப் போட்டிருந்தால் காலை 9 மணிக்கு ரத்தம் கொடுக்க வேண்டும். போட்டுக்கொண்டு போனால் லெவல் பொய்யாக ஏறித் தெரியும், அதைப் பார்த்து டாக்டர் அளவைக் குறைத்துவிட்டால் வம்பு. காலை மாத்திரையைச் சட்டைப் பையில் எடுத்துக்கொண்டு, கூடவே ஒரு பாட்டில் தண்ணீரும் கொண்டு போங்கள். ஊசி எடுத்ததும் பஞ்சை அழுத்திக்கொண்டு அங்கேயே போட்டுவிடுங்கள், வீட்டுக்கு வந்து போடலாம் என்று பஸ் ஏறிவிடாதீர்கள்.